திருக்கை ஏன் பேசவில்லை

“ஒராளைக் கண்டுபிடிக்கோணும் நானா. ஆனா அது ஆரு எண்டு எனக்குச் சொல்லக் கூடாது.”

முத்தலிபு குடித்துக்கொண்டிருந்த பிளேன்டீயை மேசையில் வைத்தார். பாலாவிச் சந்தியில், டயர்க் கடைக்கு மேல்மாடியில், விசாரணைக் காரியாலயம் என்று பலகை மாட்டி அவர் உட்கார்ந்த நாளிலிருந்து எத்தனையோ பேர் ‘நானா’ என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டுக்கொண்டு வந்து போயிருக்கிறார்கள். காணாமல் போன மாப்பிள்ளையைத் தேடி வந்தவர்கள் உண்டு. கிடைத்த மாப்பிள்ளையைத் தொலைக்க வழி கேட்டு வந்தவர்களும் உண்டு. இப்படி ஒரு கேஸ் வந்ததில்லை. முன்பு ஓர் இன்சூரன்ஸ் கம்பனிக்காக இடிபட்ட லொறிகளைப் பார்த்து அறிக்கை எழுதியவர் அவர். வளைந்த பம்பரைப் பார்த்தே சாரதி சொல்வது பொய்யா மெய்யா என்று பிடித்துவிடுவார். மனிதர்கள் விஷயத்தில் அந்தக் கெட்டித்தனம் அரைவாசிதான் பலித்தது.

“கண்டுபிடிச்சு நாங்களே வச்சுக்கொள்றதா?” என்றாள் அஸ்கா. அவள் அவருடைய உதவியாளர். வாய் நீளம் என்று போன இடமெல்லாம் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டு, கடைசியில் இந்த மாடிப்படி ஏறியவள்.

வந்தவள் சிரிக்கவில்லை. பெயர் றிஸ்மினா. புத்தளம் டவுனில் ஒரு பாமசியில் வேலை. அவளுடைய கதையை அவள் சொன்ன ஒழுங்கில் எழுதினால் ஒரு நோன்புக்காலம் போய்விடும், அதனால் சுருக்கிச் சொல்கிறேன். அவள் இன்டர்நெட்டில் ஒரு கதைக்கிற இடம் நடத்துகிறாள். பெயர் ‘வாடி’. கற்பிட்டிக் கரையில் மீனவர்கள் பருவத்துக்கு வந்து தங்குகிற ஓலைக் கொட்டில்களை அப்படித்தான் சொல்வார்கள். அங்கே வந்து படுக்கிறவனிடம் நீ யார், எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. அவளுடைய வாடியிலும் அதுதான் சட்டம். உள்ளே வருகிறவர்கள் ஆளுக்கொரு மீன் பெயர் வைத்துக்கொண்டு கதைப்பார்கள். சொந்தப் பெயர் சொன்னால் வெளியே.

எல்லாரும் இந்தப் பக்கத்து ஆட்கள். போர்க்காலத்தில், தொண்ணூறில், மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் துரத்தப்பட்டு வந்த முஸ்லிம்களின் பிள்ளைகள்தான் அதிகம். புருசன் அடிக்கிறான் என்று ஒருத்தி அங்கேதான் முதல்முதலாகச் சொன்னாள். பள்ளிவாசலில் முன் வரிசையில் நிற்கிற ஒரு மனுசன், தனக்குக் குர்ஆன் ஓதத் தெரியாது என்று அங்கேதான் எழுதினான். றிஸ்மினாவும் தலாக் ஆகித் தாய்வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகு, கதைக்க ஆளில்லாமல் பைத்தியம் பிடிக்கப் பார்த்துத்தான் அதைத் தொடங்கினாளாம். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அவள் ஊருக்கு வாயே வைக்காமல் ஓர் இடம் கட்டியிருக்கிறாள்.

அந்த வாடியை உயிரோடு வைத்திருந்தது அவள் இல்லை. ‘திருக்கை’ என்ற பெயரில் வந்த ஓர் ஆள். பொழுதுபட்டு மஃரிப் பாங்கு முடிந்த கையோடு திருக்கை ஒரு கேள்வி போடும். மழை இரைஞ்சு வந்தா கொடியில இருந்து ஆர்ட உடுப்பை முதல்ல எடுப்பீங்க? ஊருக்குத் திரும்பிப் போக ஏலும் எண்டா ஆரை இங்க விட்டுட்டுப் போவீங்க? சின்னக் கேள்விதான், ஆனால் எல்லாரும் வாய் திறப்பார்கள். ஒவ்வொருவர் பதிலுக்கும் திருக்கை ஒரு வரி எழுதும். ஒருவரையும் விட்டதில்லை.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து கொஞ்ச நாளில் திருக்கை நின்றுவிட்டது. கடைசியாகக் கேட்ட கேள்வி, உங்கட ஊட்டுல ஆகப் பாரமான சாமான் என்ன என்பது. ஆட்டுக்கல் என்றான் ஒருத்தன், மாமிட வாய் என்றாள் ஒருத்தி. அதற்குப் பிறகு கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை, சனமும் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டது. றிஸ்மினா தானே இரண்டு பொய்ப் பெயரில் வந்து, தானே கேள்வி கேட்டு, தானே பதிலும் எழுதிப் பார்த்திருக்கிறாள். ஒருவரும் ஏமாறவில்லை.

“ஆள் உசிரோட இரிக்காரா, திரும்பி எழுதுவாரா, அது மட்டும் போதும்,” என்றாள். “பேர் எனக்குத் தெரிஞ்சா பிறகு அவரோட நான் எப்பிடிக் கதைக்கிறது? அது இல்லாட்டி இந்த ஊர்ல எனக்குக் கதைக்க ஒருத்தரும் இல்ல நானா.” அதைச் சொல்லும்போது அவள் கண் கலங்கியது. முத்தலிபு கேஸை எடுத்துக்கொண்டார்.

திருக்கை எழுதிய பழைய கதையெல்லாம் வாடியில் அப்படியே இருந்தது. அஸ்கா இரண்டு நாள் கதிரையை விட்டு எழும்பாமல் வாசித்தாள். அதற்குள் முத்தலிபு கீழே டயர்க் கடைக்காரரோடு ஊர் உலகமெல்லாம் கதைத்து முடித்தார். மூன்றாம் நாள் காலையில் அவள் போனை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

தேர்தல் நாளில் எழுதியது. “இண்டைக்கு இந்த ஒழுங்கையில நாயும் நானும்தான். நாய்க்கும் வோட்டு இல்ல. கேத்தல் கருகுற மணத்துக்கு நாய் என்னைப் பாக்குது, நான் நாயைப் பாக்கிறன்.”

முத்தலிபு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு ஏதாவது பொறி தட்டினால் அப்படித்தான். வந்தேறியவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு வோட்டு இன்னும் மன்னாரில்தான் இருக்கிறது. தேர்தல் என்றால் விடியற்காலையில் பஸ் பஸ்ஸாக ஏறிப் போய் வோட்டுப் போட்டுவிட்டு வருவார்கள். அன்றைக்கு வாடியில் வேறு ஒருவரும் எழுதவில்லை, எல்லாரும் பஸ்ஸில். திருக்கை மட்டும் வீட்டில்.

“அந்தக் கேத்தல் எந்தக் கேத்தல் எண்டு தெரியாத ஆள் பாலாவியில இரிக்கா?” என்றார்.

இல்லைதான். தில்லையடியில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிற மனுசன், பஸ் போகிறதே என்ற பதற்றத்தில் கேத்தலை அடுப்பில் விட்டுவிட்டு ஏறிவிட்டார். பொழுதுபடத் திரும்பி வந்தபோது கேத்தலின் அடி இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது. அந்தக் கதையைச் சொல்லி ஊர் இன்னும் சிரிக்கிறது. ஆனால் கருகும்போது மணந்தது என்று சொல்ல ஓர் ஆள்தான் இருக்க முடியும். கடைக்குப் பின்னால் ஒரே ஓர் ஒழுங்கை, ஒடுங்கிய சந்து. முழுக்க முழுக்க மன்னார்ச் சனம்.

“ஒழுங்கை முழுக்கப் பஸ்ஸில போனா, போகாதவன் ஆரு?” என்றார் முத்தலிபு.

அஸ்காவுக்கு அது கையில் இருந்தது. தேர்தலுக்கு அடுத்த நாள் போன் திருத்த, அந்த ஒழுங்கையில் குடியிருக்கிற நௌஃபரின் கடைக்குப் போயிருந்தாளாம். வோட்டுப் போட்ட எல்லாருக்கும் இடக்கைச் சின்னி விரலில் மை. நௌஃபருக்கு அந்த விரலில் மட்டும் பெரிய பிளாஸ்டர். “வெட்டுப்பட்டிச்சாம். ஊர் முழுக்க மையோட திரியிற அண்டைக்குத்தானா கத்தி அந்த விரலைத் தேடி வந்திச்சு?”

மடியில் கனமிருந்தால் வழியில் பயம். முத்தலிபு அஸ்காவோடு கடைக்குள் நுழைந்து, விரல் காயம் ஆறிவிட்டதா என்று சுகம் விசாரித்ததும் நௌஃபர் கடைக் கதவை உள்ளால் சாத்திவிட்டார். கேட்காமலே எல்லாம் கொட்டினார். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கிடைக்க வேண்டும் என்று யாருக்கும் தெரியாமல் வோட்டை மன்னாரிலிருந்து புத்தளத்துக்கு மாற்றிவிட்டாராம். மன்னாருக்குப் போனால் அங்கே பெயர் இல்லை. இங்கே வரிசையில் நின்றால் ஊர் காணும், ஊரை விற்றவன் என்று சொல்லும். ஆகவே இரண்டு இடத்திலும் போடாமல், மனைவியை வெளியால் பூட்டச் சொல்லிவிட்டு, பகல் முழுக்க அறைக்குள் ஒளிந்திருந்திருக்கிறார். வாடியா, திருக்கையா, அதெல்லாம் தனக்குத் தெரியாது என்றார். பள்ளிவாசல் நிர்வாகத்தில் மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சினார்.

“கேத்தல் மணத்திச்சா?” என்று கேட்டாள் அஸ்கா.

தனக்கு அன்றைக்குப் பீனிசம், மூக்கே வேலை செய்யவில்லை என்றார். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு மனுசன் பொய் சொல்ல மாட்டான். முத்தலிபு எழும்பப் போனார், பிறகு நின்றார்.

“வெளியால பூட்டின சாவியை உங்கட ஊட்டுக்காரி எங்க வச்சிட்டுப் போனா?”

“எல்லாரும் வைக்கிற இடத்திலதான் நானா. ஜபார்ட ஊட்டுல. அங்க எப்பவும் ஆள் இரிக்குந்தானே.”

எப்பவும் ஆள் இருக்கிற வீடு. முத்தலிபு திரும்பவும் கண்ணாடியைக் கழற்றினார். ஜபாரை அவருக்குத் தெரியும். உப்பு மூட்டை ஏற்றும்போது லொறிக்கு மேலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே விளங்காமல் போன மனுசன். அந்த லொறியை இன்சூரன்சுக்காகப் பார்க்கப் போனவர் இவரேதான்.

ஜபாரின் வீட்டு முன்னறையில் கட்டில். கட்டிலுக்கு மேலே சுவரில் ஆணிகள், ஆணிகளில் ஒழுங்கையின் சாவிகள். கை எட்டுகிற தூரம். அவருடைய மனைவி ஸும்ரா வாசலில் தலையை மூடிக்கொண்டு நின்றாள். பழைய இன்சூரன்ஸ் விஷயம் என்று முத்தலிபு ஒரு பொய்யைச் சொன்னார். அவள் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போக, கதை கொடுக்க அஸ்காவும் பின்னால் போனாள்.

முத்தலிபு கட்டிலுக்குக் கிட்டக் கதிரையை இழுத்துப் போட்டார். சுற்றி வளைக்கவில்லை. வாடி நடத்துகிற பிள்ளை திருக்கையைத் தேடுகிறாள் என்று மெல்லச் சொன்னார். பெயர் அவளுக்குத் தெரியாது, தெரியவும் வராது என்றும் சொன்னார்.

ஜபார் முதலில் குசினிப் பக்கம் பார்த்தார். பிறகு, ஸும்ராவின் காதுக்கு ஒரு சொல்லும் போகக் கூடாது என்று வல்லாஹி சொன்னால்தான் வாய் திறப்பேன் என்றார். முத்தலிபு சொன்னார். அல்லாஹ்வின் பெயரால் சத்தியம் பண்ணுவதில் அவர் எப்போதும் கஞ்சன். அன்றைக்கு ஏனோ யோசிக்காமல் பண்ணிவிட்டார்.

ஜபார் நெஞ்சில் கிடந்த போனை எடுத்துக் கடைசிக் கேள்வியின் கீழே ஒரு பதிலைக் காட்டினார். ‘ஓரா’ என்ற மீன் பெயரில் ஒருத்தி எழுதியிருந்தாள்.

“எங்கட ஊட்டுல ஆகப் பாரம் என்ட மனுசன். புரட்டிப் படுக்க வைக்கைக்க, எனக்குப் பாரம் குறையட்டும் எண்டு மூச்சை அடக்கிக்கொள்ளுவார். அது எனக்குத் தெரியும் எண்டு அவருக்குத் தெரியா. உடம்பு பாரமில்ல. அந்த மூச்சைத்தான் என்னால தாங்க ஏலா.”

“உலகத்துல மூச்சை அடக்கிற விசரன் நான் ஒருத்தன்தானே,” என்றார் ஜபார். “அது அவள் எண்டு வாசிச்ச உடனே விளங்கிட்டு. திருக்கை நான் எண்டு அவளுக்குத் தெரியா. நான் தொடந்து எழுதினா ஒரு நாளைக்குப் பிடிச்சிருவாள். பிறகு எங்க போய் அழுவாள்? என்ட முன்னால ஒரு நாளும் அழுததில்ல நானா. அழ இரிக்கிற ஒரே இடம் அது. அதான் நான் வெளியேறிட்டன்.”

எழுதாவிட்டால் வாடியே செத்துப்போகும், அவள் அழுகிற இடமும் போகும் என்றார் முத்தலிபு. அதுவும் தெரியும் என்று ஜபார் தலையாட்டினார். பிறகு யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரால் திருப்ப முடிந்தது அது ஒன்றுதான். தேத்தண்ணி வந்தது, முத்தலிபு குடித்தோம் என்று பெயர் பண்ணிவிட்டு எழும்பினார்.

திரும்பி வருகிற வழியெல்லாம் அஸ்கா வாயே திறக்கவில்லை. உப்பளத்துப் பக்கம் வந்ததும் முத்தலிபு ஓட்டோவை ஓரங்கட்டி, காய்ச்சலா என்று கேட்டார். குசினிக்குள் தான் வாடியைப் பற்றிக் கேட்டதும் ஸும்ரா சொன்னதை வெளியே விடமாட்டேன் என்று அவளுக்கு வல்லாஹி சொல்லிவிட்டாளாம். ஜபாருக்குத்தானே சொல்லக் கூடாது, எனக்குச் சொல்லலாம் என்று முத்தலிபு சட்டம் பேசினார். கடைசியில் சொன்னாள்.

“அவளுக்குத் தெரியும் நானா. தொடக்கத்துல இருந்தே தெரியும். மஃரிப் முடிய மனுசன் போனை நெஞ்சில வச்சு எழுதுவார், அடுத்த நிமிசம் திருக்கைட கேள்வி வரும். ஒரே ஊட்டுல இரிக்கிறவளுக்கு விளங்காதா? அதுக்காகத்தான் அவளும் ஓரா எண்டு போய்ச் சேந்திருக்காள். முகத்தப் பாத்துக் கதைக்க ஏலாததை அங்க கதைப்பம் எண்டு. அந்த மூச்சைப் பத்தி எழுதினதே, இது நான்தான் எண்டு அவருக்கு விளங்கட்டும் எண்டுதான்.”

முத்தலிபு ஓட்டோவின் கைப்பிடியைப் பிடித்தபடி இருந்தார்.

“எல்லாருக்கும் பதில் எழுதின மனுசன், எனக்கு மட்டும் எழுதல்ல எண்டாள். அதோட மனசு விட்டுட்டுதாம். தேத்தண்ணியோட திங்கப் பாணை வெட்டிக்கொண்டே சொன்னாள் நானா, துண்டெல்லாம் ஒரே அளவு.”

ஜபார் சொன்னதை முத்தலிபு சொன்னார். அஸ்கா கேட்டுவிட்டு, ஓட்டோவைத் திருப்புங்கள் என்றாள். சத்தியத்தை முறித்தால் மூன்று நோன்பு பிடித்துக் கழிக்கலாம், ஆளுக்கு மூன்று பிடிப்போம், உங்கள் வயிற்றுக்கும் அது நல்லது என்றாள்.

“நோன்பு பிடிக்கலாம் புள்ள,” என்றார் அவர். “பேரில்லாம எழுதினா அது அவள்ட கதை. வெளி ஆள் ஒருத்தன் அதைப் பேரோட கொண்டுபோய்க் கட்டில்ல போட்டா அது பஞ்சாயத்து. அதுக்குப் பிறகு அந்த மனுசனை அவள் எப்பிடிப் புரட்டுவாள்? அவர் மூச்சை அடக்கிறதா விடுறதா?”

இரண்டு பேரும் உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு, கொடுக்க இடமில்லாமல் பாலாவிக்கு வந்து சேர்ந்தார்கள்.

மாடியில் றிஸ்மினா காத்திருந்தாள். ஆள் உயிரோடு இருக்கிறார் என்று முத்தலிபு சொன்னதும் அல்ஹம்துலில்லாஹ் என்றாள். எழுத மாட்டார் என்றதும் கைப்பையைத் தோளில் மாட்டினாள். பிறகு, இன்றைக்கு இரவு இஷாத் தொழுகையோடு வாடியைப் பூட்டிவிடப் போகிறேன் என்றாள்.

“பூட்ட வேணாம் தங்கச்சி.”

“வச்சிருந்து என்ன செய்ற நானா? பேர் வைக்காமலும் வாசிக்கலாம், எத்தன பேர் வாசிக்கிறாங்க எண்டு மட்டும் எனக்குக் காட்டும். ஒவ்வொரு நாளும் மஃரிப்போட ரெண்டு பேர் வாறாங்க. ஒண்டும் எழுதமாட்டாங்க. கொஞ்ச நேரம் நிண்டுட்டுப் போயிருவாங்க. பூட்டினா அந்த ரெண்டு பேருக்கும் என்ன நட்டம்?”

அஸ்கா முத்தலிபுவைப் பார்த்தாள். முத்தலிபு சுவரைப் பார்த்தார். அந்த இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரு சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருக்கிறார்கள் என்று தெரிந்த இரண்டு பேர், வாயைப் பூட்டிக்கொண்டு நின்றார்கள். இதைவிட ஜபார் விழுந்த அந்த லொறிக்கடியில் போய்ப் படுக்கலாம் போலிருந்தது அவருக்கு.

கீழே பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு தொடங்கியது. முடியும்வரை மூன்று பேரும் இருந்தார்கள். பிறகு முத்தலிபு, பூட்டுவதற்கு முன்னால் தான் ஒரேயொரு கேள்வி போடலாமா என்று கேட்டார். சத்தியத்துக்குள் அதற்குத் தடை இருக்கவில்லை. றிஸ்மினா தன் போனைக் கொடுத்தாள். ‘நண்டு’ என்று அஸ்கா பெயர் வைத்தாள். அவர் ஒற்றை விரலால் குத்திக் குத்தி எழுதினார்.

“எல்லாருக்கும் பதில் சொல்லிட்டு ஒராளுக்கு மட்டும் சொல்லாம விட்டிருக்கீங்களா? ஏன் விட்டீங்க எண்டு அந்த ஆளுக்குத் தெரியுமா?”

வாசிக்கிறவர்கள் இரண்டு என்று காட்டியது. மூன்று தலைகளும் அந்தச் சின்ன வெளிச்சத்துக்கு மேலே குனிந்தன. யாரும் எழுதவில்லை. சந்தியில் ஒரு லொறி நெடுக ஹோன் அடித்துக்கொண்டு போனது. இரண்டு, இரண்டாகவே நின்றது. அஸ்கா உதட்டுக்குள் ஏதோ ஓதினாள்.

இரண்டு ஒன்றானது.

முத்தலிபு மூச்சு விடவில்லை. யார் போனது? குசினியில் இருந்தவள் போனை வைத்துவிட்டு முன்னறைக்கு எழும்பி வந்தாளா? கட்டிலில் கிடந்தவர் இது தன்னைத்தான் சொல்கிறது என்று விளங்கி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டாரா? கொஞ்ச நேரத்தில் அந்த ஒன்றும் போய்ப் பூச்சியம் என்று காட்டியது.

“போயிட்டாங்க நானா,” என்றாள் றிஸ்மினா. “இவ்வளவு நாளும் வந்தவங்க. உங்கட கேள்வியோட ரெண்டு பேரும் எழும்பிப் போயிட்டாங்க.” சால்வை நுனியை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

இப்போது அந்த வீட்டில் இரண்டு பேர் கதைத்துக்கொண்டிருக்கலாம். இருந்ததும் உடைந்து, ஆளுக்கொரு பக்கம் கிடந்து அழுதுகொண்டிருக்கலாம். போய்ப் பார்க்க முடியாது, கேட்க முடியாது. இனி அவர்கள் வாடிக்கு வந்தாலும் வராவிட்டாலும், இரண்டுக்கும் இரண்டு அர்த்தம் சொல்லலாம்.

றிஸ்மினா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைக் கையில் எடுத்தாள்.

“சொல்லுங்க நானா. பூட்டவா?”

“எனக்குத் தெரியா தங்கச்சி,” என்றார் முத்தலிபு.